தறி ஓசைக்குள் ஒரு தனிமொழி

ஜூன் 12, 1996. புதன்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.

திங்கட்கிழமை கோயமுத்தூரில் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு நேர்காணல். கல்லூரித் தோழி நசீமா போன வருடம் அங்கே சேர்ந்தவள். "நாடகத்துலதான்டி நோண்டி நோண்டிக் கேப்பாங்க." அவள் சொன்ன கேள்விகள்:

ஏன் எல்லாம் ஒரே அறையில் நடக்கிறது?

பெரிய சம்பவங்களை மேடையில் காட்டாமல், யாராவது வந்து சொல்வது ஏன்?

ஒரு பாத்திரம் தனக்குத்தானே தனிமொழி பேசும்போது பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் கேட்பதில்லை?

விடை எல்லாம் தெரியும். மேடையில் ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. அதைக் கேட்டால் என்ன சொல்வது?

ஜூன் 13. வியாழன்

வாய்விட்டுச் சொல்லிப் பழகு என்றாள் நசீமா. வீட்டுக்குள் கூச்சம். அதனால் பின்னால் இருக்கும் எங்கள் விசைத்தறிக் கூடம். தறிகள் ஓடும்போது காதருகே கத்தினால்தான் கேட்கும். நூல் சுற்றும் சரசக்கா என் உதட்டையே பார்த்தாள். வெளியே வந்ததும், "ஏனுங் அம்மணி, தறிகூட இங்கிலீசுலயா? அதுக்குத் தமிழே வெளங்காதுங்க."

சாயங்காலம் பெரியப்பா தாராபுரத்திலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே, "பையனூட்ல சரின்னு சொல்லிப்போட்டாங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. மேல படிக்கறது மட்டும் ஆகாதுன்னுட்டாங்க."

அப்பா தலையாட்டினார். எல்லாம் தாராபுரத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இனிப் புத்தகம் வேண்டாம்.

ஜூன் 14. வெள்ளி

மறுபடி தறிக்கூடம். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது தமிழுக்கு மாறினேனோ. கண்ணில் தண்ணீர் வேறு. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது. "அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருக்குது. எனக்கு மேல படிக்கோணும்..."

கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன.

"எனக்கு இந்தக் கண்ணாலம் வேண்டாம்." என் குரல்தான். கூடம் முழுக்க.

வாசலில் அப்பா. இந்தப் பக்கம் சரசக்கா. தறிக்காரர்கள் இருவர். அப்பா குனிந்து அறுந்த இழை ஒன்றைத் தேடினார்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "ஞாயித்துக்கெழமைக்குப் பச்சைச் சேலையா, அரக்குச் சேலையா?" அப்பா ரசம் கேட்டார். அவ்வளவுதான்.

ஜூன் 15. சனி

தூறல். பச்சைச் சேலைக்கு ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது. தையல் பிரித்தாயிற்று.

சரசக்கா தானாகவே பக்கத்தில் வந்து, "எனக்கொண்ணும் கேக்கலீங்க அம்மணி" என்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவே இல்லை.

யாருக்கும் எதுவும் கேட்காதது போலத்தான் வீடு நடக்கிறது. ஒருவேளை நிஜமாகவே கேட்கவில்லையோ. அப்படியானால் நேராகச் சொன்னால் மாறலாம்.

ஜூன் 16. ஞாயிறு

தறிக்கு விடுமுறை. ஊரே அமைதி. அப்பா தனியாகத் தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"ஏனுங்கப்பா, எனக்கு இந்தக் கண்ணாலம் வேண்டாமுங்க. நாளைக்கு என்னை இன்டர்வியூவுக்கு அனுப்புங்க."

என் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"அன்னிக்கே கேட்டுது, கண்ணு."

கையைத் துணியில் துடைத்தார். "போயித் தலைக்கு ஊத்திக்க. மூணு மணிக்கு வந்துருவாங்க."

முடி இன்னும் காயவில்லை. வாசலில் கார் சத்தம்.