முகமூடிக்காரர் கொன்றார் என்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறும் மனு

அனுப்புநர்
மு. அழகர்சாமி (வயது 74),
கடல் ஏற்ற இறக்க அளவுப் பதிவாளர் (ஓய்வு),
பத்துபஸ்தி, போர்ட் பிளேர்.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
போர்ட் பிளேர்.

பொருள்: தமிழாசிரியை திருமதி உமா மகேஸ்வரி மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரது கேம்பல்பே இடமாறுதலை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 23.06.2025.
2. தங்கள் அலுவலக இடமாறுதல் ஆணை, நாள் 07.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு நீளமாகிவிட்டது. எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் குறிக்கிறேன்.

1. புகார் எழுந்த சூழ்நிலை
2. படத்தில் நான் கண்ட மூன்று காட்சிகள்
3. புகாரில் நான் எழுதாமல் மறைத்தவை
4. ஆசிரியையின் இன்றைய நிலை
5. என் வேண்டுகோள்

நேரம் இல்லையென்றால் மூன்றாவதையும் ஐந்தாவதையும் படித்தால் போதும். இரண்டாவது, என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று காட்டுவதற்காக எழுதியது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

1. நான் எங்கள் பகுதி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். 21.06.2025 சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை ஒரு திரைப்படம் காட்டினார். குழு உறுப்பினர்களையும் அழைத்திருந்தார்கள். நான் ஒருவன்தான் போனேன். கடத்தல்காரர்களை முகமூடி அணிந்த ஒருவர் தனியாளாக அடக்கும் கதை. என்ன நடந்தாலும் உயிரை மட்டும் எடுப்பதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. படத்தில் அதை நான்கு முறை சொல்கிறார். இரண்டு நாள் கழித்து, ஆசிரியை உமா மகேஸ்வரி "கொலையை மறைமுகமாக நியாயப்படுத்திக் கற்பிக்கிறார்" என்று தங்களுக்கு எழுதினேன்.

2. அந்தக் கட்டுப்பாடு படத்தில் நிற்கவில்லை என்பதற்கு நான் கண்ட காட்சிகள்:

(அ) கிடங்குச் சண்டை. பதினொரு பேர் அடிபடுகிறார்கள். சண்டை முடிந்தபின் முனகுவதாகக் காட்டப்படுபவர்கள் நான்கு பேர். மற்ற ஏழு பேரில் ஒருவர் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தவர். அவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் சொல்லவில்லை. முகமூடிக்காரரும் திரும்பிப் பார்க்கவில்லை.

(ஆ) லாரி துரத்தல். முகமூடிக்காரர் சாலையில் கம்பியைக் கட்ட, லாரி கவிழ்ந்து தீப்பற்றுகிறது. ஓட்டுநர் இறங்கியதை நான் காணவில்லை. மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

(இ) ஜெட்டி, அதாவது படகுத்துறைக் காட்சி. இதுவே என் முக்கியமான ஆதாரம். கடத்தல் தலைவனை ஒரு பழைய ஜெட்டியின் தூணோடு உட்கார்ந்த நிலையில் கட்டிவைத்து, "உன் உயிர் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முகமூடிக்காரர் போய்விடுகிறார். நீட்டிய கால்கள் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. தூணில் சிப்பி ஒட்டியிருக்கும் உயரம் அவன் தலைக்கு மேல் ஒரு சாண். சிப்பி இருக்கும் உயரம் வரை கடல் வந்து போகும். ஆகவே அது வற்றம், கடல் இறங்கியிருக்கும் நேரம். வானில் முழுநிலவு வேறு. அன்று ஏற்றம் பெரிதாக இருக்கும். விடியும் முன் அவன் மூழ்கியிருப்பான். பிறகு வானொலியில் "கைது செய்யப்பட்டார்" என்று ஒரு குரல் வருகிறது. முப்பத்தோரு ஆண்டுகள் கடல் மட்டத்தை அளந்து எழுதியவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. கடலிடம் ஒப்படைத்துவிட்டு நான் கொல்லவில்லை என்பது சரியல்ல என்று இப்போதும் கருதுகிறேன்.

3. இனி, புகாரில் எழுதாமல் விட்டவை.

புகார் எழுதியபோது நான் படத்தை முழுதாகப் பார்த்திருக்கவில்லை. ஜெட்டிக் காட்சியோடு எழுந்து வந்துவிட்டேன். மேலே (அ), (ஆ) பற்றிச் சொன்ன கணக்கெல்லாம் இடமாறுதல் ஆணை வந்த பிறகு, செல்பேசியில் தனியாகப் பார்த்து நோட்டில் குறித்தவை. என் புகார் சரிதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளப் பார்த்தேன்.

எழுந்து வந்த காரணத்தையும் மறைத்தேன். அந்தக் காட்சியில் என்னையறியாமல் எழுந்து நின்று, "தண்ணீர் ஏறும், அந்த ஆள் செத்துப்போவான்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "அரே தாத்தா, அது ஷூட்டிங். பேக்கப் ஆனதும் அவுத்து விட்டுருப்பாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை அவர்களை அடக்கிவிட்டு என்னிடம், "ஐயா, உட்காருங்க. படம் முடியட்டும், நீங்களே முன்னால வந்து இதைப் பேசுங்க" என்றார். அவர் சொன்னதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் இதற்காக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்பதை எழுதவே கூசுகிறது. மூன்றாம் நாள் புகார் எழுதினேன்.

படம் முடிந்தபின் நடந்ததை, எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் அந்த வகுப்பு மாணவி ப்ரியங்காவின் நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியை பலகையில் எழுதிய கேள்வி: "முகமூடிக்காரர் தம் விதியைக் காப்பாற்றினாரா? காட்சியைச் சான்றாகக் காட்டி எழுதுக." அவர் எதையும் நியாயப்படுத்தவில்லை. நான் கேட்டதையேதான் அவரும் கேட்டிருக்கிறார். ப்ரியங்கா கிடங்குச் சண்டையைக் காட்டி, "அடித்துப் போட்டவர்களைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர், கொல்லவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?" என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியை, "நல்ல இடம். திரும்பிப் பார்த்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னும் எழுது" என்று குறித்திருந்தார். நான் மட்டுமே கண்டுபிடித்ததாக நினைத்ததைப் பதினைந்து வயதுப் பெண் எனக்கு முன்பே எழுதிவிட்டாள்.

4. ஆசிரியை 18.07.2025 அன்று தென்கோடித் தீவிலுள்ள கேம்பல்பேக்குக் கப்பலில் புறப்பட வேண்டும். அவருடைய தாயார் அமிர்தவல்லி அம்மாள் வாரம் இரண்டு முறை இங்கு மருத்துவமனையில் சிறுநீரக டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவரைக் கப்பலில் கூட்டிப்போகவும் முடியாது, இங்கே பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை அம்மாளே பார்த்துவிட்டார். "ஸ்கூல் கமிட்டி ஐயாவா? உமா கடைக்குப் போயிருக்கா, உள்ள வாங்க. கேம்பல்பேக்கு ஆர்டர் வந்துருச்சு, கேள்விப்பட்டீங்களா? யாரோ பெட்டிஷன் போட்டுட்டாங்களாம். நல்லா இருக்கட்டும், அவங்களுக்கு என்ன கஷ்டமோ. சாயா குடிக்கிறீங்களா?" என்றார். ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த கையால் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

வரும் வழியில், நான் தாளில் நாலு வரிதான் எழுதினேன், இடமாற்றியது அலுவலகம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முகமூடிக்காரருக்கு நான் மறுத்த சமாதானம் அதே சமாதானம்தான்.

5. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

பார்வை 1-இல் உள்ள என் புகாரை, உண்மையை மறைத்து எழுதப்பட்டது என்று குறித்துத் தள்ளுபடி செய்ய வேண்டும். 18-ஆம் தேதிக்கு முன் திருமதி உமா மகேஸ்வரி அவர்களின் இடமாறுதலை ரத்து செய்ய வேண்டும். இந்த மனுவை, என் பெயரை மறைக்காமல், குழுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். என்னைக் குழுவிலிருந்து நீக்கவும், என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கவும் எனக்குத் தடையில்லை. நேரில் அழைத்தால் வருவேன். நேரில் எனக்குப் பேச்சு சரியாக வராது. இதையே வாசித்துக்காட்ட அனுமதிக்க வேண்டுகிறேன்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மு. அழகர்சாமி
இடம்: போர்ட் பிளேர்
நாள்: 14.07.2025

சாட்சி: (ஒப்பம்) பொன்னுத்துரை, படகோட்டி, வண்டூர்

கையொப்பத்திற்குப் பின் சேர்த்தது:

சாட்சிக் கையெழுத்துப் போட்ட பொன்னுத்துரை, அந்தப் படப்பிடிப்புக்குப் படகு ஓட்டியவர் என்பது எனக்குத் தெரியாது. மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்த ஜெட்டி நம்ம பக்கம் இல்ல. மாயாபந்தர் பக்கம். சுனாமி வருஷம் இங்க தரை இறங்குச்சு, அங்க மேல வந்துருச்சுல்ல? தூண்ல இருக்கறதெல்லாம் செத்த சிப்பி, வெளுத்துக் கிடக்கும். ஃபுல் ஜுவார், முழு ஏத்தம் பார்த்துத்தான் போட்டை உள்ள விட்டோம், இல்லேன்னா தரை தட்டிரும். கால் நனைஞ்சதே அதிகம். அதுக்கு மேல தண்ணி ஏறாது."

2004 டிசம்பரில் இங்கே தரை மூன்றடி இறங்கியதை அளவுகோலில் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். வடக்கே தரை உயர்ந்ததும் எனக்குத் தெரியும். இருந்தும் எங்கள் கரையை வைத்தே அந்தக் கரையைக் கணக்கிட்டுவிட்டேன். நான் வற்றம் என்று எழுதியது முழு ஏற்றம்.

மனுவைத் திருத்தி வேறு தாளில் எழுதலாம். எழுதினால் நான் தவறாதவன் போலத் தெரியும். ஆகவே அப்படியே தருகிறேன். இரண்டாம் பத்தியின் (இ) தவறு. கட்டிவைக்கப்பட்ட அந்த ஆள் சாகவில்லை. சிரித்த பிள்ளைகள் சரி.

மு. அ.