வளைவில் இருமிய மோட்டார்

லாஸ் பால்சாஸ்,
மழை விடாத திங்கட்கிழமை

அன்புள்ள எர்மின்சுலுக்கு,

கார்மென் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு எழுத வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மகள் யாதிராவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. பாஸ்தோரா அக்கா எண்ணெய் தடவித் தடவிப் பார்த்துவிட்டாள். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள், யாதிராவும் சேர்த்து. அவளே கையை விரித்துவிட்டாள். "நான் திருப்பி விட்டுட்டுப் போறேன், மறுநாள் வந்து பாத்தா மறுபடியும் குறுக்க படுத்திருக்கு. ஆஸ்பத்திரியில அறுத்துத்தான் எடுக்கணும் தெல்ஃபிதா. வலி வர்றதுக்கு முன்னாடியே கிப்தோ போய்ச் சேந்துடு. வலி வந்தப்புறம் என்னைக் கூப்பிடாத. அந்தப் பொண்ண என் கையால பறிகொடுக்க எனக்கு மனசு இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

கிப்தோவுக்கு எப்படிப் போவது? நீ போன பிறகு இங்கே நிலைமை இன்னும் மோசம். ஆற்று வளைவில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர்கள் மேலே போகிற ஒவ்வொரு படகையும் நிறுத்துகிறார்கள். ஆளை விட்டுவிடுகிறார்கள், மோட்டாரைக் கழற்றிக்கொள்கிறார்கள். பயணிகள் படகு நின்றே போய்விட்டது. மோட்டார் வைத்திருப்பவர்கள் ஓடைப் பக்கம் கொண்டுபோய் இலை தழைக்கு அடியில் ஒளித்துவிட்டு, கேட்டால் விற்றுவிட்டோம் என்கிறார்கள். யாதிராவின் புருஷன் வளைவுக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். துடுப்புப் போட்டு எதிர்நீரில் போனால் வழியிலேயே வலி கண்டுவிடும். கீழே கடல் பக்கம் போகலாமென்றால், டாக்டர் இருக்கும் ஊர் அதைவிடத் தூரம்.

உன் பெரியப்பா மகன் கிரெசென்சியோவிடம் போய்க் கெஞ்சினேன். அவனுக்கு எதிலும் விளையாட்டுத்தான். "உன் புருஷனோட கிழட்டு மோட்டார் மாதிரி ஒண்ணு இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க மதினி. அதைப் புடுங்கி என்ன செய்வாங்க, கோழிக் கூண்டா கட்டுவாங்க?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, அடுக்களை உத்திரத்தில் நீ தொங்கவிட்டுப் போன அந்த மோட்டாரின் சாக்கை உருவினேன்.

எர்மின்சுல், அதைக் கழற்றிவிட்டேன். திட்டாதே. நீ சொன்னது சரிதான். தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை மணல் தின்றிருக்கிறது. அதனால்தான் சூடேறி மேல் பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கிறது. மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஊறவைத்து, வாழைக்காய் இடிக்கிற உலக்கையால் தட்டித் தட்டி அசைத்தேன். அசைந்தபோது நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கில் ஒன்று உடைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிற மோட்டாரில் இதே ரிங் உண்டு என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எடுத்து வந்துவிட்டேன். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. நுனியை எவ்வளவு ராவ வேண்டும்? அதிகம் ராவினால் என்ன ஆகும், குறைவாக ராவினால் என்ன ஆகும்? உன் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை நின்றிருப்பேன். அப்போதெல்லாம் சட்டியில் மீன் கரிகிறதே என்ற கவலையில்தான் நின்றிருக்கிறேன்.

உன்னை வா என்று எழுத மாட்டேன். வளைவில் இருப்பவர்கள் தங்கள் படகுகளுக்கு மெக்கானிக் வேண்டுமென்று உன்னைக் கேட்டு வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. வாழைக்குலைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு நீ தோணியில் கீழே போனாய். கொலோன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று இன்றுவரை ஒரு வரி இல்லை. நீ பிறந்தபோது உன் அம்மா உன் தொப்புளில் விலாங்கைச் சுட்ட சாம்பலை வைத்தாளாம், யார் பிடியிலும் இவன் சிக்கக் கூடாது என்று. நான் அந்த விலாங்கை நம்பித்தான் நாளைக் கடத்துகிறேன்.

இதைக் கடல் பக்கம் போகிற தோணியில் கொலோனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். ரிங்கைப் பற்றி உடனே எழுது.

உன் தெல்ஃபிதா


லாஸ் பால்சாஸ்,
சனிக்கிழமை, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது

அன்புள்ள எர்மின்சுலுக்கு,

பதில் வருமென்று காத்திருக்க முடியவில்லை. நகம் ராவுகிற அரத்தால் ரிங்கை நானே ராவினேன். சிலிண்டருக்குள் வைத்துப் பார்த்து, நுனிகளுக்கு நடுவே கோழி இறகின் தண்டு நுழையாமல், மெல்லிய தகரம் மட்டும் நுழைகிற அளவில் நிறுத்தினேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

ரப்பர் சக்கரம் கிரெசென்சியோ ஒளித்து வைத்திருக்கும் மோட்டாரிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே, அவன் மனைவியைக் கேள். கார்புரேட்டருக்குள் இருக்கும் தக்கை ஊறிப்போய் மிதக்கவில்லை. அடுப்படியில் காயவைத்து, யாதிராவின் நகப்பூச்சை இரண்டு தடவை பூசினேன். இப்போது உன் மோட்டாரின் வயிற்றுக்குள் சிவப்பாக ஒரு தக்கை மிதக்கிறது. யாதிரா பார்த்துவிட்டுச் சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். அவள் கால் வீங்கியிருக்கிறது. பயமா என்று கேட்டால் இல்லை என்கிறாள், ஆனால் நான் தண்ணீர் எடுக்கப் போனால்கூட அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

புது ரிங் என்பதால் பெட்ரோலில் ஆயிலை இரண்டு பங்காகக் கலந்தேன், நீ செய்வது போலவே. பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இருமியது, நின்றது. மறுபடி இழுத்தேன். கடைசியில் பிடித்துக்கொண்டது பார், வீடு முழுக்கப் புகை, கோழிகள் பறந்தன, பாஸ்தோரா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சத்தம் சீராகும்வரை விட்டேன். பாடியது எர்மின்சுல், உன் கையில் பாடுகிற மாதிரியே பாடியது.

ஆற்றில் இறக்கினேன். நடு ஆற்றுக்குப் போய் வேகம் கொடுத்ததும் செத்துப்போனது. திரும்பத் திரும்ப அதே கதை. தண்ணீர் என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போக, துடுப்புப் போட்டு வந்து கரையில் உட்கார்ந்து, உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஊரே கேட்டது. இப்படி ஒரு மோட்டாரையும் இப்படி ஒரு பெண்ணையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டானே என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதில் பாதி எனக்கே தெரியாமல் உள்ளே கிடந்தவை.

பிறகுதான் பொறி தட்டியது. பீப்பாயில் மோட்டார் எதையும் தள்ளுவதில்லை. சும்மா நிற்கிறவனுக்குப் போதுகிற சோறு மூட்டை சுமக்கிறவனுக்குப் போதாது. நீ மோட்டார் சரிபார்க்கும்போதெல்லாம் கரையில் நிற்கிறவர்களைப் படகில் ஏறச் சொல்வாயே, விளையாட்டுக்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கிரெசென்சியோ, அவன் மனைவி, பாஸ்தோரா அக்கா, இரண்டு அரிசி மூட்டை, எல்லாவற்றையும் ஏற்றினேன். "என்னை மூட்டைன்னு நெனச்சுத்தான ஏத்துற?" என்று அக்கா கேட்டாள். "மூட்டை பேசாதுக்கா" என்றான் கிரெசென்சியோ. எதிர்நீரில் விட்டு, ஊசியைக் கொஞ்சம் திறந்தேன். இன்னும் கொஞ்சம். மோட்டார் மூச்சை இழுத்துப் பிடித்து அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது.

ஆனால் கரையில் இறங்கிய கிரெசென்சியோ சிரிக்கவில்லை. "மதினி, சத்தத்தைக் கேட்டியா? புது மோட்டார் மாதிரி ஓடுது. வளைவுல இருக்கிறவனுக்குக் காது இருக்கு. இதை உங்கிட்ட விட்டு வைப்பான்னு நெனைக்கிறியா?" என்றான்.

இத்தனை பாடுபட்டு, அவர்கள் பிடுங்கிக்கொள்ளத் தகுந்ததாகச் செய்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை கிளம்புகிறோம். இனியும் தள்ளிப்போட முடியாது, யாதிராவுக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டது. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. எங்காவது ஒரு மாதா சிலை கண்ணில் பட்டால் எங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று.

தெல்ஃபிதா


கிப்தோ, ஆஸ்பத்திரித் தாழ்வாரம்,
வியாழக்கிழமை

அன்புள்ள எர்மின்சுலுக்கு,

முதலில் நீ கேட்க நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். யாதிரா உயிரோடு இருக்கிறாள். அறுத்து எடுத்தார்கள். நிறைய ரத்தம் போய்விட்டது, இன்னும் முகம் வெளுத்துத்தான் கிடக்கிறது, ஆனால் நேற்றுக் கஞ்சி குடித்தாள். பிறந்தது பெண். உன் காது.

இனி வளைவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மூன்று பேர்தான் போனோம், யாதிரா, பாஸ்தோரா அக்கா, நான். மோட்டார் வெண்ணெயில் போவது போலப் போனது. அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழக் கூடாது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய அத்தி மரத்தடியில் நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு பிஸ்டனில் ஒன்று செத்துக் கிடக்கட்டும் என்று மேல் பிளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். மறுபடி கயிற்றை இழுத்தேன். ஒரே பிஸ்டனில், நெஞ்சுச் சளிக்காரன் போல இருமிக்கொண்டு, ஆயில் புகையைக் கக்கிக்கொண்டு, படகு நகர்ந்தது. எதிர்நீரில் ஒரு சாண் ஏறினால் அரைச் சாண் இறங்கியது. அது படுகிற பாட்டைக் கேட்க முடியாமல் நான் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன். நான் அல்லவா அதைச் சரி செய்தவள்.

நிறுத்தினார்கள். ஒருவன் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா கிப்தோ போற? எறங்கி நீந்து அத்தை, சீக்கிரம் போய்ச் சேருவ" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். போ என்று கையைக் காட்டும் நேரத்தில் இன்னொருவன் தண்ணீரில் இறங்கி வந்தான். வயதானவன். மோட்டார் மூடியில் கையை வைத்தான். நீ மூடியில் கீறி வைத்திருக்கிற அந்த மீன்கொத்தியைத் தடவிப் பார்த்தான். "இது எர்மின்சுல் மோட்டாராச்சே. அவன் எங்க?" என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. "செத்துட்டான். கடல்ல தோணி கவுந்துடுச்சு. பொணம்கூடக் கெடைக்கல" என்றேன்.

யாதிராவிடம் முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்கவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்லி வைப்பது? அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, அப்பா என்று ஒரு அலறல் அலறினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வலியும் அந்த நிமிஷம்தான் பிடித்தது. பாஸ்தோரா அக்கா, கெட்டிக்காரி, அவளும் சேர்ந்து ஒப்பாரி வைத்தாள். அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். "நல்ல மெக்கானிக். போங்க, போங்க" என்று படகைத் தன் கையாலேயே தள்ளிவிட்டான்.

வளைவு மறைந்ததும், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரிலேயே ஒயரைச் செருகினேன். முழங்கைவரை ஷாக் அடித்தது. மோட்டார் ஒரு உறுமு உறுமிப் பாய்ந்தது. உன் மகளின் தலையை மடியில் இழுத்துக்கொண்டு, "அழாதடி, பொய் சொன்னேன். அப்பா சாகல" என்றேன். அவள் பல்லைக் கடித்து வலியை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "பொய்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

கிப்தோவின் தேவாலயக் கோபுரம் தெரியும்வரை மோட்டாரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இப்போது பயமெல்லாம் அந்த வார்த்தை மேல்தான். நாக்கிலிருந்து விழுந்துவிட்டது. ஆற்றில் செய்தி படகைவிட வேகமாகப் போகும். இந்நேரம் லாஸ் பால்சாஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் ஊருக்குத் திரும்பியதும் பெண்கள் நம் வீட்டில் வெள்ளைத் துணி விரித்துப் பீடம் கட்டுவார்கள். ஒன்பது நாள் உனக்காக ஜெபம் சொல்லிப் பாடுவார்கள். வேண்டாம் என்று நான் தடுக்க முடியாது, தடுத்தால் வளைவுக்குத் தெரிந்துவிடும், மறுபடி உன்னைத் தேடுவார்கள். கறுப்பு உடுத்திக்கொண்டு அந்தப் பீடத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்தாக வேண்டும். வருகிறவர்களுக்குக் காப்பியும் சாராயமும் கொடுக்க வேண்டும். அழ வேண்டும். அழுகை வந்துவிடும், அதுதான் எனக்குப் பயம்.

பேத்தியின் தொப்புளுக்கு என்ன வைக்கலாம் என்று பாஸ்தோரா அக்கா கேட்டாள். நர்ஸ் பார்க்காத நேரமாகப் பார்த்து விலாங்குச் சாம்பலே வைத்துவிட்டோம். இவளையும் யாரும் பிடித்து வைக்கக் கூடாது.

உன்னை வா என்று இப்போதும் எழுதவில்லை. வரவே வராதே. பணம் அனுப்பாதே, மோட்டாரைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம், ரிங் நான் ராவியதே சரியாக இருக்கிறது. கோபமிருந்தால் திட்டியே எழுது. இந்த ஊருக்கு நீ செத்தவனாகவே இருந்துகொள். எனக்கு மட்டும், அந்த ஒன்பது நாளும் ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உட்கார, உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி வேண்டும். நான் சொன்னது பொய் என்று எழுதிப் போடு.

தெல்ஃபிதா