இரண்டு பேருக்குத்தான் இடம்

அடுக்களையில் கஞ்சியும் பயறும் மூடி வைத்திருக்கிறேன். சாவி உரலுக்குள். நானும் அத்தையும் கொட்டாரம் ஊருக்குப் போய், அங்கே உங்கள் சித்தி வீட்டாரை மலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

நாம் இருவர் மட்டும் போய்த் தங்கப் பாலமோர் மலை போதும் என்றுதானே சொன்னேன்? நீங்கள் அத்தையிடம் மருந்துவாழ்மலைச் சாமிக்கு நேர்ச்சை என்று சொல்லிவிட்டீர்கள். நேர்ச்சை என்றால் குடும்பமே பொங்கல் வைக்க உருளியோடு கிளம்பிவிடும் என்று தெரியாதா? அந்தக் கோபத்தில்தான் நேற்று உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூடாரத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பழைய பட்டாளத்துக் கித்தானைக் கோணியூசியால் நீங்களே தைத்து முற்றத்தில் கட்டிவிட்டீர்கள். நீங்கள் ஆபீசுக்குப் போனபின் மழை கொட்டியது. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. பேனா பிடிக்கிற கை தைத்ததா இது என்று தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அத்தையும் குனிந்து வந்து பக்கத்தில் படுத்தார்கள். "ஏட்டி, இதுல ரெண்டு பேருக்குத்தான் எடம். நீங்க ரெண்டு பேரும் எந்த மலைக்கு வேணும்னாலும் போங்க. நேர்ச்சைய நான் பொறவு பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

அதனால் பாலமோர்தான். அங்கே அட்டைக்கடி அதிகமாம், புகையிலை வாங்கி வாருங்கள்.

மீனாட்சி

பி.கு.: கொட்டாரத்துக்கு இன்னும் புறப்படவில்லை. "ஒங்க மாமா என்னய ஒரு மலைக்கும் கூட்டிட்டுப் போனதில்ல" என்று சொல்லிவிட்டு அத்தை கூடாரத்துக்குள்ளேயே படுத்திருக்கிறார்கள். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.