திமிங்கிலத்துக்குள் தூங்கியவள்

ஹுஹுய்,
9 ஆகஸ்ட் 1992, ஞாயிறு

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

நானும் நொயேமியும் சளி பிடித்து, சளி விட்டு, இப்போது நலமாக இருக்கிறோம். அங்கே தெற்குக் கோடியில், உன் ஃபாக்டரி ஊரில், கடற்கரை வரை பனி உறைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே பனி இல்லை, காற்றும் தூசியும்தான். காலையில் பெருக்கினால் மத்தியானம் வீட்டுக்குள் மறுபடியும் பாதி மலை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வேலை விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு உலை அணைந்த பிறகு இந்த ஊரில் தெருவுக்கு நான்கு வெல்டர்கள் சும்மா நிற்கிறோம். கேட்காத பட்டறை இல்லை. கிடைக்கும், நீ கவலைப்படாதே. சமையலில் முன்னேறியிருக்கிறேன். போன வாரம் வரை என் சூப்பை "பாத்திரம் கழுவின தண்ணி" என்ற நம் பெண், நேற்று "பரவால்லப்பா, இன்னிக்கு நல்ல பாத்திரம் கழுவின தண்ணி" என்று சொல்லி இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டாள்.

இனி முக்கியமான செய்தி. செப்டம்பர் மாணவர் ஊர்வலத்துக்கு அவள் பள்ளியின் அலங்கார வண்டிக்கு நொயேமியைத்தான் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போனில் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். முடித்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன் என்கிற உன் குணம் அப்படியே வந்திருக்கிறது. வண்டியில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திமிங்கிலம். மற்ற பள்ளிகள் எல்லாம் கழுகும் லாமா ஒட்டகமும் செய்யும்போது, கடலே பார்க்காத பிள்ளைகள் லாரி நீளத்துக்கு ஒரு திமிங்கிலம் செய்கிறார்கள். மலை ஊரில் இது எதற்கு என்று தலைமையாசிரியை கேட்டாராம். "எங்க அம்மா பாத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாளாம். மே மாதம் நீ கடற்கரையில் தனியாக நின்று பார்த்ததாக எழுதினாயே, அதைத்தான் சொல்கிறாள்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பழைய லாரி கொட்டகையில்தான் வேலை நடக்கிறது. கம்பி வளைப்பது, வெல்டிங், காகிதப் பூ ஒட்டுவது, விளக்குப் போடுவது எல்லாமே பிள்ளைகள் கைதான். பெரியவர்கள் தொட்டால் பள்ளியையே போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதனால் நான் தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசல் வரை போய்த் திரும்புகிறேன். வெல்டிங் செய்யும் ஓமார் நெட்டையான, நல்ல பையன். ஆனால் அவன் பிடித்திருக்கும் கோணத்தைப் பார்த்தால் என் கை தானாகவே எழுகிறது. உடனே பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நொயேமி பார்த்துவிட்டு, "அப்பா, மூஞ்சியால சொல்லிக்குடுக்கறதும் குத்தம்தான். திரும்பி நில்லு" என்றாள். திரும்பி நின்றேன்.

வால் மேலும் கீழும் அசைய வேண்டும் என்பது அவள் ஆசை. சிமென்ட் கலக்கும் மெஷினின் மோட்டார் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருக்கிறாள். அந்த மோட்டாரை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. இது போதாதென்று துக்குமான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு வகுப்பு, அதுவும் போதாதென்று இயற்பியல் கண்காட்சி. நான் கொஞ்சம் படு என்றால் "வண்டி முடியட்டும்" என்கிறாள். ஊரே கதவைச் சாத்திவிட்டு மத்தியானத் தூக்கம் போடும் நேரத்தில் இவள் மட்டும் கொட்டகைக்கு ஓடுகிறாள். மற்ற பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழுந்து, கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு வந்து சேர்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்தால் தடுக்கவும் வாய் வரவில்லை. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அன்செல்மோ


ஹுஹுய்,
30 ஆகஸ்ட் 1992, ஞாயிறு

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நொயேமி நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறையில் வானொலிக்கு எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வரவில்லை. இறைச்சி அடைத்த சோளமாவு எம்பனாதாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனேன். தெருவில் நாய் கூட விழித்திருக்கவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. மோட்டார் மட்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. விதியாவது மண்ணாவது என்று உள்ளே போய்விட்டேன். முதலில் மோட்டாரை நிறுத்தினேன். பிறகு பார்த்தால், திமிங்கிலத்தின் வயிற்றுக்குள், கம்பிகளுக்கு நடுவில், காகிதப் பூ மூட்டைகள் மேல் கிடக்கிறாள். மேலே பலகையில் நின்று வால் கம்பியை மாட்டும்போது விழுந்திருக்கிறாள். நெற்றியில் ரத்தம். டெல்ஃபினா, அந்த நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு வராது.

எப்படித் தூக்கினேன், யார் வண்டியில் போனோம், ஒன்றும் சரியாக நினைவில்லை. மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இடது காறை எலும்பு முறிந்திருக்கிறது, தலைக்குள் அடி ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஏன் கண் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஐயா, உங்க பொண்ணு மயங்கலை. தூங்கறா. விழறதுக்கு முன்னாடியே தூங்கிட்டான்னு நினைக்கிறேன். எத்தனை நாளா சரியா தூங்கல?" எலும்பைக் கட்டும்போது ஒரு முறை முனகினாளாம். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையாக இருந்தபோது தூங்குவது போலவே, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள்.

எழுந்ததும் முதல் கேள்வி, "வால் அசைஞ்சுதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் ராத்திரியும் தூங்க வேண்டும், மத்தியானமும் தூங்க வேண்டும், இல்லையென்றால் வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நொயேமி கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அம்மா தூங்கறாங்களா? என் கூடப் படிக்கற மரிசேலோட சித்தியும் அதே ஃபாக்டரிதானே. அம்மா ரெண்டு ஷிஃப்டும் பாக்கறாங்களாம். டிவி பெட்டி மூடறப்போ நின்னுக்கிட்டே கண்ண மூடறாங்களாம். நீ அவங்கள முதல்ல தூங்கச் சொல்லு, அப்பறம் என்னைச் சொல்லு."

நான் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். எனக்கு இது தெரியாது என்று உன்னிடம் சொன்னால் நீ நம்புவாயா? நம்பு.

வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றே மரிசேலும் ஓமாரும் வந்தார்கள். மரிசேல்தான் பூ வேலைக்குப் பொறுப்பு, கட்டையான பெண், சிரிப்பு அடங்காது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டோம் என்றார்கள். அதற்குப் பதில் திமிங்கிலத்துக்குள் எட்டுப் பேர் நின்று கயிற்றைப் பிடித்து வாலை இழுப்பார்களாம். நொயேமி கட்டுப்போட்ட கையை மறந்து எழப் பார்த்தாள். "யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? என் திமிங்கிலத்த நாசம் பண்ணிட்டீங்க!"

"உன் திமிங்கிலமா?" என்றாள் மரிசேல். "பூ ஒட்டி ஒட்டி என் விரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. இப்ப போலீஸ் பிடிச்சா நான் யாருன்னே கண்டுபிடிக்க முடியாது. உன் திமிங்கிலமாம்டீ!"

ஓமார் அதிகம் பேசாத பையன். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "நாங்க தூங்கப் போனோம்னு எங்களைச் சோம்பேறின்னு நினைச்சிட்ட. ஒவ்வொரு தடவையும் கூட இருக்கட்டுமான்னு கேட்டேன். நான் பாத்துக்கறேன், நீ போன்னு நீதான் அனுப்பின. நீ விழுந்தப்ப ஒருத்தராவது பக்கத்துல இருந்திருப்போம்ல?" உடனே தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நொயேமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மரிசேல் போகவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டாள், செருப்போடு. நான் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் அழுது முடித்து, ஒரு காகிதத்தில் கயிறுகளை வரைந்துகொண்டிருந்தார்கள். நொயேமியின் இடது கை கட்டுக்குள் இருக்கிறது, அதனால் காகிதம் நழுவாமல் மரிசேல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று நொயேமி என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. ஞாயிறுதோறும் போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வாள், நீயும் "நான் நல்லா இருக்கேண்டி" என்று சொல்வாய். இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லும் அந்தப் பொய்யை நடுவில் நின்று கேட்க என்னால் முடியவில்லை.

ஊருக்கு வரவேண்டும் என்று பதறாதே. தேவையானால் நானே கூப்பிடுவேன்.

உன்,
அன்செல்மோ


ஹுஹுய்,
27 செப்டம்பர் 1992, ஞாயிறு

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டியதெல்லாம் நியாயம். நொயேமிக்குத் தனியாக எழுதியிருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எலும்பு கூடிவருகிறது. அவள் விழுந்த பிறகு கொட்டகையில் புதுச் சட்டம் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மரிசேல் எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாள். "தூங்காத முகத்தோட யாரும் என் பூவத் தொடக்கூடாது" என்று உத்தரவு. முதல் இரண்டு மூன்று நாள் நொயேமி வீட்டில் கூரையை முறைத்துக்கொண்டு கிடந்தாள். கயிறு தப்பாகக் கட்டியிருப்பார்கள், பூ உதிரும், ஓமார் மறந்துவிடுவான் என்று புலம்பல். பிறகு ஒருநாள் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், தூக்கம். எழுந்து கொட்டகைக்குப் போனவள் சாயங்காலம் கொஞ்சம் அதிசயத்தோடு வந்து சொன்னாள்: "நான் இல்லாதப்போ கண்ணுக்கு வேற மாதிரி விளக்குப் போட்டிருக்காங்கப்பா. என்னோடத விட நல்லா இருக்கு." அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

ஊர்வலத்தன்று கயிறு இழுக்க அவளால் முடியாது என்றாகிவிட்டது. வண்டிக்கு மேலே உட்காரச் சொன்னார்கள், ராணி மாதிரி. வேண்டாம் என்றுவிட்டாள். என்னோடு ஆற்றங்கரை ஓர நடைபாதையில் நின்றாள். ஊரே அங்கேதான் இருந்தது. லப்பாச்சோ மரங்கள் எல்லாம் ரோஜா நிறத்தில் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. முன்னால் வந்த வண்டிகளில் நெருப்புக் கக்கும் கழுகு ஒன்று வந்தது, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நொயேமி என் கையைப் பிடித்து நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் திருப்பத்தில் திமிங்கிலம் வந்தது. நீலமும் சாம்பலுமாக, வயிறு வெள்ளையாக. நடுவர் மேடைக்கு நேராக வரும்போது வால் பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நொயேமி ஓடப் பார்த்தாள், ஒரு அடி எடுத்தும் வைத்தாள். பிறகு தானாகவே நின்றாள். "பாத்துப்பாங்க" என்றாள். என்னிடம் இல்லை, அவளுக்கே சொல்லிக்கொண்டாள். அப்போது திமிங்கிலத்தின் வயிற்றுக்குள்ளிருந்து மரிசேலின் குரல்: "இழுங்கடா கழுதைங்களா! ஒண்ணா இழுங்க!" மேடை வரைக்கும் கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். உள்ளே எட்டுப் பேரும் சேர்ந்து கத்த, வால் எழுந்தது. மெதுவாக, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எழுவது போலவே எழுந்தது. கூட்டம் முழுவதும் அவர்களோடு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது.

உள்ளே இழுத்தவர்கள் யாருக்கும் அது எப்படி இருந்தது என்று தெரியாது. அவர்கள் எல்லோருக்காகவும் நொயேமிதான் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை.

பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தோம். என் தோளில் சாய்ந்தாள். முடிவை ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குள் தூங்கிப்போனாள். அசைவுக்கான இரண்டாம் பரிசு அவர்களுக்கு. பிள்ளைகள் வியர்வையும் நீலச் சாயமுமாக ஓடி வந்தார்கள். ஓமார் கத்தத் திறந்த வாயை மரிசேல் உள்ளங்கையால் பொத்தினாள். "எழுப்பாதீங்கடா. காலைல சொல்லிக்கலாம். பரிசு எங்கயும் ஓடிடாது." எல்லோரும் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், ஒரே தொத்திறைச்சி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். என் தோள் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

இன்னொரு செய்தி. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அக்டோபர் முதல் எனக்கு வேலை. சம்பளம் பழையது போல இல்லை, ஆனால் மாதாமாதம் வரும். நொயேமி துக்குமான் போக அதுவும் உன்னுடைய ஒரு ஷிஃப்டும் போதும். நான் கணக்குப் பார்த்துவிட்டேன், அவளும் சரிபார்த்துவிட்டாள். இரண்டாவது ஷிஃப்டை விட்டுவிடு, டெல்ஃபினா. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதையும் விடு. நொயேமி இதே விஷயத்தை என்னை விடக் கடுமையாகச் சொன்னாள், அந்த வார்த்தைகளை எழுத எனக்குத் தைரியம் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு நீ வரும்போது நேரிலேயே வாங்கிக்கொள்.

இந்தக் கடிதத்தை நீ வேலை முடிந்து வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய். படித்து முடித்ததும் பேனாவைத் தேடாதே. பதில் எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ள நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். எனக்காக ஒன்றே ஒன்று செய். கோட்டைக் கழற்று, விளக்கை அணை, போர்த்திக்கொண்டு படு. நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு நானும் இங்கே படுத்துக்கொள்கிறேன்.

உன்,
அன்செல்மோ