விழுந்த பங்கும் உன் அப்பாவின் வாயும்

பசுமலை
10-7-1979

அன்பு மகள் ஜோசபினுக்கு,

நம் மில்லின் பங்கு விலையைக் கவிழ்த்தது நீதான். உடம்பு எப்படி, கல்கத்தா மழையில் சளி பிடித்ததா என்பதையெல்லாம் பிறகு கேட்கிறேன். இங்கே நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், அதுவரைக்கும் மாதா காத்தாள்.

உன் ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தாயே, அமைதியான காலத்தில் எண்ணெய் விலை ஏறினால் பங்குகள் கொஞ்சம் ஆடி நின்றுவிடும், சனம் பதறிக் கிடக்கும் காலத்தில் அதே ஏற்றம் அவற்றைக் கவிழ்த்துவிடும் என்று. உன் அப்பா பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மில் கேண்டீனுக்குப் போய்விட்டார். ஈரானில் கலவரம், எண்ணெய் ஏறிவிட்டது, நம் பங்கு கவிழப்போகிறது, என் மகளே கணக்குப் போட்டுவிட்டாள் என்று பெஞ்சில் ஏறி நின்று சொல்லியிருக்கிறார். போனஸ் கேட்டபோது காசுக்குப் பதில் அந்தப் பங்குக் காகிதத்தைத்தானே எல்லார் கையிலும் திணித்தார்கள்? மெஷின் ஓட்டும் விருமாண்டி, "அண்ணே, படிச்ச புள்ள சொன்னா தப்பாது, வித்துட்டு வருவோம்" என்று கிளம்ப, ஒரு ஷிப்டே புரோக்கர் வீட்டு வாசலில் போய் நின்றது. விலை விழுந்தது. விழுந்ததும் உன் அப்பாவுக்கு மாலை போட்டார்களடி! "ஒங்க மக சொன்னது அப்படியே பலிச்சிருச்சேண்ணே" என்றார்களாம். எங்கே பலித்தது? இவர்களே தள்ளிவிட்டார்கள். அமைதியாக இருந்த காலத்தைப் பதற்றக் காலமாக மாற்றியது ஈரான் இல்லை, உன் அப்பா.

அதற்குள் சிரித்துவிடாதே. விழுந்த பங்கையெல்லாம் வாரிச் சுருட்டியது மேனேஜரின் மைத்துனர். அவர் வாங்கி முடித்ததும் விலை ஏறிவிட்டது, வதந்தி பரப்பியதாக உன் அப்பாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை திங்கட்கிழமை. வேலை போனால் இந்த வயதில் வேறு எந்த மில் எடுக்கும்? அவரோ கொல்லையில் கோழிகளுக்கு ஈரானைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார். விற்று ஏமாந்த விருமாண்டி நேற்று வந்து, "அடுத்து எப்ப விழும்னு புள்ளைகிட்டக் கேளுங்கக்கா, இந்தத் தடவை நாம வாங்குவோம்" என்கிறான். இவர்களை வைத்து எந்தக் காலத்தில் புரட்சி வரும்?

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ராத்திரி கண் விழிக்காதே. ஆண்டவர் உன் புத்தியோடு உன்னையும் காக்கட்டும்.

உன் அம்மா,
பிலோமினாள்

பி.கு.: உன் கணக்கில் உன் அப்பாவின் வாய்க்கு இடம் இருக்கிறதா? மேனேஜரின் மைத்துனருக்கு? இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துப் போட்டு, பதறியது யார், அதில் கொழுத்தது யார் என்று தமிழில் எழுதி, திங்கட்கிழமைக்கு முன் எனக்குத் தந்தி கொடு. விசாரணையில் நானே எழுந்து வாசிக்கிறேன்.