ரோஸ் நிற ஹால்

தெப்ராவ்,
ஞாயிற்றுக்கிழமை

தம்பி பிரேமகுமாருக்கு,

அக்கா வசந்தினி எழுதுவது. நான் சுகம். பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். முழுவதும் படி.

செல்லப்பாக்கியம் மாமிக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து பாகாட்டுக்குப் போயிருந்தேன். உனக்குத் தெரியும், நான்தானே சொன்னேன். வியாழக்கிழமை திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்க ரோஸ். சமையலறை, மாடி எல்லாம் ரோஸ். பண்டோங் என்று ரோஸ் சர்பத் குடிப்போமே, அதில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினால் வருமே, அந்த நிறம். பின்னால் என் அறை மட்டும் பழையபடி இருந்தது. சாமான் கிடக்கிறதே என்று விட்டிருப்பார்கள் என நினைத்தேன். பக்கத்து வீட்டு காதர் பீவி சாவியோடு சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க தம்பிதான் போன் பண்ணாரு. அக்காவுக்கு சர்ப்ரைஸ், சொல்லிடாதீங்கன்னாரு. நான் வாயே திறக்கல லா" என்றார்.

அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடியவில்லை என்று தீபாவளிக்கு இந்த வீட்டில் ஒரு முறுக்குக்கூடச் சுடவில்லை. துக்க வீட்டுக்கு யாராவது சாயம் அடிப்பார்களா? விமானம் ஏறியதும் அதெல்லாம் மறந்துவிடுமா? ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த நிறத்தைத்தான் நான் கேட்பேன். "இது கவர்மெண்ட் உத்தியோகத்தர் வீடு, சலூன் இல்லை" என்று அப்பா அதே கிரீம் சாயத்தை அடிக்க வைப்பார். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். அதனால், தம்பி மறக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். அப்பா படத்துக்கு முன்னால் நின்று, அவன் யோசிக்காமல் செய்துவிட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உனக்காக மன்னிப்புக் கேட்டேன். ஹாலில் உட்கார்ந்து அழுதேன். சாயங்கால வெயில் பட்டுச் சுவர் அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டு ஏஜெண்ட் ஒருத்தி, இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். "இந்தக் கலர் போட்டோல வீட்டை நல்லா எடுத்துக் காட்டும்னு நான்தான் சாருக்கு ஐடியா குடுத்தேன்" என்று என்னிடமே சொல்கிறாள். வந்த பெண் சுவரைத் தடவிப் பார்த்து, பிள்ளைக்குக் கட்டில் எங்கே போடலாம் என்று கேட்டாள். நான் துடைப்பத்தோடு நின்றேன். என்னை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களை அனுப்பிவிட்டுச் சாயம் அடித்த குணாளனுக்குப் போன் போட்டேன். பின் அறையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "உங்க தம்பிதாங்க சொன்னாரு, அது ஸ்டோர் ரூம்தானே, வேணாம்னு" என்றான்.

ஸ்டோர் ரூமா? ராத்திரி அப்பா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்று மாடியை விட்டு அந்த அறைக்கு இறங்கி வந்தவள் நான். கல்யாணம் காட்சி என்று யாரும் பேசாத வயது வரைக்கும் அங்கேதான் படுத்தேன். வீட்டை விற்றுவிட்டு என்னை எங்கே போகச் சொல்கிறாய்? பெர்த்தில் எந்த ஸ்டோரில் போடுவாய்?

வீட்டுக் கிராண்ட் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. என் கையெழுத்து உனக்குக் கிடைக்காது. ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். மிஞ்சிய சாயத்தை, திவசம் முடிந்த மறுநாள் என் அறைக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆண்பிள்ளை நீ ஒருவன்தான். நேரத்தோடு டிக்கெட் போடு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன். எவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

வந்ததும் ஹாலில் நின்று, அக்காவுக்காகத்தான் அடித்தேன் என்று ஒரு பொய் சொல்லடா. நம்பிவிடுகிறேன்.

உன் அக்கா,
வசந்தினி