நீ பந்து எறியும் நாள்

பானி,
ஜூலை மாதம், ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள மகன் வில்கினுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, பங்ச்சர் ஒட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். மழை வரப்போகிறது என்றால் மட்டும் இடது முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், உன்னைவிட உன் வலது தோள் இன்னும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கன்னி மரியாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூலைக் கடை ஃபெர்மினின் மகள் யோகாஸ்தா தன் சித்தியைப் பார்க்க நீ இருக்கும் ஊருக்கே நாளை விமானம் ஏறுகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே பாயா ஊர்க் கடைப் பால் இனிப்பு இரண்டு பெட்டி வரும், ஒன்று உனக்கு, இன்னொன்று உன்னோடு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு. மாம்பழம் அனுப்பத்தான் ஆசை, ஆனால் விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். நம் கொல்லை மரம் இந்த வருஷம் என்ன நினைத்ததோ, கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது. ஒற்றை ஆள் எத்தனை பழம் தின்பேன், பாதியை ஆடுகளுக்குப் போடுகிறேன், அவை கொட்டையைக்கூட விடுவதில்லை.

இங்கே எல்லோருக்கும் உன் பேச்சுதான். இந்த மாதக் கடைசியோடு பேஸ்பால் அணிகள் ஆள் மாற்றிக்கொள்வதற்குக் கதவை அடைத்துவிடுவார்கள் என்பதால் ஃபெர்மின் கடை டோமினோ மேசையில் ஆட்டமே நடப்பதில்லை, வதந்திதான் நடக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் சிச்சோவை உனக்குத் தெரியுமே, காதில் ரேடியோவை வைத்துக்கொண்டுதான் சவாரி ஏற்றுகிறான். தினம் வந்து உன்னை ஒரு ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறான். திங்கட்கிழமை உன்னைக் குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பினான், செவ்வாய்க்கிழமை வெயிலுக்கு அனுப்பினான், புதன்கிழமை உன்னோடு இன்னும் இரண்டு பையன்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். "டேய் சிச்சோ, அந்தப் பையன் பெட்டி கட்டவாவது நேரம் குடுடா" என்று ஃபெர்மின் கேட்டதற்கு, "நான் என்னண்ணே பண்றது, ரேடியோல சொல்றான், நான் கொண்டாந்து சேக்கறேன், சவாரி மாதிரிதான்" என்கிறான். வியாழக்கிழமை வந்து என் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். "எலாதியோ அண்ணே, இது கப்சா இல்ல. மேற்குக் கடற்கரை அணிக்காரங்க வில்கினைக் கேக்கறாங்க. புல்பென் கொட்டகையில ஒக்கார வைக்க இல்ல, ஆட்டத்தைத் தொடங்கி வைக்க. ஆளுக்கு ஒரு நாள்னு மாறி மாறித் தொடங்கற ஐவர் சுற்றுல அவங்களுக்கு ஒரு எடம் காலி" என்றான். நான் கையில் இருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த பீரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நீ முதல் பந்திலிருந்து எறிந்து ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்ச்சராக இருந்தவரை எனக்கு வாழ்க்கை ஒழுங்காக இருந்தது மகனே. ஐந்து நாளைக்கு ஒரு நாள் உன்னுடையது. அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஃபெர்மின் கடைக்குப் போய்விடுவேன். அவன் டிவியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைப்பான், கரண்ட் போனால் அவனுடைய பேட்டரி இருக்கிறது, தெருவே கூடிவிடும். அந்த ஒரு நாள் உன்னோடு பேசக்கூடாது. அது உன் அம்மா போட்ட சட்டம். நீ பள்ளி மைதானத்தில் எறிந்துகொண்டிருந்த காலத்திலேயே, உன் முறை வரும் நாளில் வீட்டில் யாரும் உன்னிடம் வாயைத் திறக்கக்கூடாது. தட்டில் மசித்த வாழைக்காயும் சலாமி இறைச்சியும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். ஒரு தடவை சிச்சோ வாசலில் நின்று, இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று உன்னிடம் கேட்டதற்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாளே, நினைவிருக்கிறதா. பேசினால் பிள்ளையின் கையில் இருக்கும் பந்து கலங்கிவிடும் என்பாள். அவள் போன பிறகும் நான் அதை மீறியதில்லை. ஒரு நாள் வாயைக் கட்டிக்கொள்வேன், மற்ற நாலு நாளும் உன்னைக் கூப்பிட்டு ஆட்டுக்குட்டி, மாமரம், ஃபெர்மினின் வயிற்று வலி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். நாலு நாள் எனக்குப் போதுமாக இருந்தது.

மே மாதம் உன்னைப் புல்பென்னுக்கு மாற்றினார்கள். வேலிக்குப் பின்னால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆட்டத்தின் நடுவில் எப்போது கூப்பிட்டாலும் எழுந்து வந்து எறிய வேண்டும். இன்றைக்குக் கூப்பிடுவார்களா, நாளைக்கா என்று உனக்கே தெரியாதபோது பானியில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும். எல்லா நாளும் நீ எறியும் நாளாகிவிட்டது. காலையில் ஃபோனை எடுப்பேன், உன் பெயர் வரைக்கும் போவேன், இன்றைக்கு இவன் எறிந்து, நான் பேசியதால் இவன் பந்து அடி வாங்கினால் என்ன செய்வது என்று வைத்துவிடுவேன். நீ கூப்பிடும்போது மணி அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். எடுக்கவில்லை. ஃபோனைக் கடைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, அது அடிக்கும்போது அதைப் பார்த்தபடி நிற்பேன், சக்கரத்தைக் கழற்ற வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சாயங்காலம் எல்லா ஆட்டத்துக்கும் போய் உட்காருவேன். நீ வருவது நிச்சயமில்லை என்பதால் ஆட்கள் சேருவதில்லை. ஃபெர்மின் பாதிக் கதவை இறக்கிவிட்டு, "வரமாட்டான் போல இருக்கு அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்பான். இன்னொரு இன்னிங்ஸ் பார்க்கலாம் என்பேன். கேமரா எப்போதாவது அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பும். ஒரு நாள் உன் முழங்கை மட்டும் தெரிந்தது. அது உன் முழங்கைதான், எனக்குத் தெரியாதா. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆறிப்போன பீன்ஸையும் சோற்றையும் நின்றபடியே சாப்பிட்டுப் படுத்தேன். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது வில்கின், இத்தனை நாற்காலி எதற்கு வாங்கினோம் என்று தெரியவில்லை.

நீ பேசிப் பதிவு செய்து அனுப்பியவற்றை எல்லாம் கேட்டேன். கேட்பது பேசுவதில் சேராது என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் "ஆசி குடுங்கப்பா" என்றுதான் தொடங்குகிறது. பிள்ளை ஆசி கேட்டும் பெற்றவன் பதில் சொல்லாமல் இருப்பது நம் ஊரில் எங்கேயாவது உண்டா. வெள்ளிக்கிழமை வந்ததைக் கேட்டபோதுதான் நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்தது. "புல்பென்ல போட்டதுல உங்களுக்கு அவமானமா இருக்காப்பா? தெருவுல தலை காட்ட முடியலையா? அதான் ஃபோனே எடுக்க மாட்டேங்கறீங்களா?" என்று கேட்டிருந்தாய். "எனக்கு இங்கதான் புடிச்சிருக்கு. தொடக்கத்துல எறியற அன்னிக்கு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்பா, பெஞ்சுல நான் ஒக்காந்தா ரெண்டு பக்கமும் காலியா விட்டுடுவாங்க, எனக்கு என்னமோ தொத்து நோய் மாதிரி. இங்க அப்படி இல்ல. சூரியகாந்தி விதையைக் கொறிச்சிக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் கலாய்ச்சிக்கிட்டு இருப்போம், கூப்பிட்டா எழுந்து போறேன், கை லேசா இருக்கு. ஆனா அந்த மேற்குக் கரை விஷயம் நெஜம்தான். போக இஷ்டமான்னு என் ஏஜென்ட் கேக்கறார். நீங்க தொடக்கத்துலதான் பாக்கணும்னு நெனச்சா சொல்லுங்க, சரின்னு சொல்லிடறேன்" என்றாய்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "அம்மா இருந்தவரைக்கும் நான் எறியற நாள் காலையில கூப்பிட்டுடுவாங்க. குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் தொறந்துவிட்டுட்டு மெல்லப் பேசுவாங்க, ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவார்னு. ஆசி குடுத்துட்டு வச்சிடுவாங்க. அவங்க போனதுக்கு அப்பறம் அந்த நாள்ல எனக்கு யாரும் இல்லப்பா." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. சட்டம் போட்டவள் அவள், துடைப்பத்தைத் தூக்கியவள் அவள், அதை மீறியவளும் அவளா. உன் ஆட்டத்தன்று காலையில் தொட்டித் தண்ணீர் ஏன் இப்படிக் காலியாகிறது என்று நான் எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன் தெரியுமா. பையன் ஆட்டம் என்றால் எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, இன்னொரு தரம் குளித்தேன் என்பாள். நானும் நம்பினேன். பிறகு சிரிப்பு வந்தது, கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன், அதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு உனக்குப் பெரிய உதவி செய்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ அங்கே இரண்டு பக்கமும் காலியான பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது பேசமாட்டார்களா என்று இருந்திருக்கிறாய்.

இப்போது அந்த பீர் விஷயத்துக்கு வருகிறேன். மேற்குக் கரைக்காரர்கள் உன்னைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் மெழுகுவத்திகூட ஏற்றினேன். உன் நல்லதுக்காக இல்லை, என் நாலு நாளும் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக. அவமானமா, எனக்கா? நீ புல்பென்னில் இருந்தால் என்ன, அங்கே புல் வெட்டினால் என்ன, நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் பார்க்க வருவேன். எனக்கு இருந்தது உன் குரல் கேட்காத ஏக்கம், வேறொன்றும் இல்லை. அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். ஏஜென்டிடம் அப்பாவுக்காக என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதே. உனக்கு அங்கே பிடித்திருந்தால், கை லேசாக இருந்தால், இருக்கத்தான் ஆசை என்று சொல். முதலாளிகள் அவர்கள், கடைசியில் நம்மைக் கேட்காமலே மாற்றிவிடுவார்கள், அது வேறு கதை. ஆனால் நீயாக வாய் திறந்து அந்தக் காலி பெஞ்சைக் கேட்டு வாங்காதே.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நேற்றுக் காலை கூப்பிடப் பார்த்தேன், உன் பெயரைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது, இத்தனை வருஷப் பழக்கம். அப்படியே பேசியிருந்தாலும் உன் குரலைக் கேட்டதும் ஆட்டைப் பற்றித்தான் பேசியிருப்பேன், உனக்கு என்னைத் தெரியாதா. அதனால்தான் எழுதி யோகாஸ்தாவிடம் கொடுக்கிறேன். அவள் உன் கையில் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன நிமிஷம் முதல் நீ எந்த நாள் கூப்பிட்டாலும் எடுப்பேன். எறியும் நாளாக இருந்தால் கட்டாயம் கூப்பிடு. அன்றைக்கு உன் பந்து அடி வாங்கினால் சிச்சோ என்மேல்தான் பழி போடுவான், போடட்டும்.

கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது தோளில் துண்டைப் போட்டுக்கொள், அங்கே சாயங்காலம் குளிர்காற்று அடிக்கிறது, டிவியில் கொடி ஆடுவதைப் பார்த்தேன். சூரியகாந்தி விதையில் உப்பு அதிகம், பார்த்துத் தின்னு. பால் இனிப்பை வெயிலில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாவிட்டாலும் ஒரு நிமிஷம் கண்ணை மூடு.

நீ கேட்ட ஆசிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது பதில் சொல்கிறேன். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் மகனே. கடவுள் உன் கையையும், உன்னோடு உட்கார்ந்து சிரிக்கும் பையன்களையும் ஆசீர்வதிக்கட்டும். ஃபோனை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டேன். கூப்பிடு. நான் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை, யாருக்குத் தெரியாமல் பேச வேண்டும், இந்த வீட்டில் இப்போது வேறு யாரும் இல்லை.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா எலாதியோ